என் கைக்கு முப்பது அங்குலம்

"கை பழகிரும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் சுர்ரென்று ஏறும். இருபது வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருக்கிறது. சொன்னவர்கள் ஒருத்தருக்கும் கை வலித்ததில்லை. வலித்ததெல்லாம் எனக்குத்தான்.

சங்கரன்கோவிலில் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். விடுமுறை நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கோயில் கொடை விழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று ராயகிரியிலிருந்து குருவிகுளம் வரைக்கும் எங்கள் குழு ஏறாத மேடை குறைவு. பேஸ் என்பது நாலு தடித்த கம்பிகளில் பாட்டின் அடிக்குரலைப் பிடித்துக்கொண்டு போகிற வேலை. அது இருக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் மட்டும் என்னமோ குறைகிறதே என்று மேடையைப் பார்ப்பார்கள்.

என் கை சின்னது. ஆள் ஒன்றும் குள்ளம் இல்லை. சட்டை எல்லாருக்கும் போல நாற்பது. ஆனால் விரல்கள் மட்டும் கட்டை கட்டையாக இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். அப்பா அந்தக் கையை வைத்துக்கொண்டு நாற்றுப் பறித்தார், வரப்பு வெட்டினார், அவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. நான் கிட்டாரைத் தொட்ட பிறகுதான் எங்கள் குடும்பத்துக்கே கையில் குறை இருப்பது தெரியவந்தது.

கடையில் வழக்கமாகக் கிடைக்கும் பேஸ் கிட்டாரில் ஸ்கேல் நீளம் முப்பத்து நாலு அங்குலம். அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பி தாண்டிவரும் நட்டிலிருந்து, கீழே அது உட்காரும் பிரிட்ஜ் வரைக்கும் உள்ள தூரம். கம்பியில் அதிர்கிற பகுதி அவ்வளவுதான். அந்த நீளம் கூடக் கூட, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்கிற உலோகப் பட்டிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி உட்காரும். மேல்முனைப் பக்கம் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் நாலாவது ஃப்ரெட்டில் சுண்டுவிரலையும் வைக்க வேண்டுமானால், எனக்கு மணிக்கட்டை மடக்கி, முழங்கையை வெளியே தள்ளி, தோளை உயர்த்தி, மூச்சையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டுக்கு இல்லை. ஒரு கச்சேரி முழுக்க.

முதலில் சுண்டுவிரல் மரத்துப்போனது. பிறகு மணிக்கட்டில் வலி வந்தது. ஒருநாள் அலுவலகத்தில் கோப்பைக் கட்டும் நாடாவை இழுத்து முடிச்சுப் போட முடியவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து முடிச்சுப் போடச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே மாட்டேன்.

டாக்டர் மணிக்கட்டில் தசைநாண் உறை வீங்கியிருக்கிறது என்றார். "என்ன வேலை பாக்கிறீங்க?" என்று கேட்டார். கிட்டார் என்றதும் சிரித்துவிட்டு, "அதை நிறுத்திருங்க" என்றார். சோறு பிசைகிற கை வலிக்கிறது என்றால் சாப்பிடுவதை நிறுத்தச் சொல்வாரா? எந்தக் கிட்டார், எவ்வளவு நீளம், எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. மாத்திரை எழுதி, பட்டை ஒன்றைக் கட்டி அனுப்பிவிட்டார்.

எங்கள் குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர். வயதில் மூத்தவர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். மேடை பிடிப்பது, வண்டி ஏற்பாடு செய்வது, பாட்டு வரிசை போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரிடம் பட்டை கட்டிய கையைக் காட்டினேன்.

"எத்தன வருசமா வாசிக்கேரு! இன்னும் கை பழகலயாவே?" என்றார். "விடாம வாசியும். பழகிரும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"செருப்பு வாங்கப் போறிய. எட்டாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பரக் கொடுத்து, கால் பழகிரும்னு கடைக்காரன் சொன்னா வாங்குவியளா?"

"மாட்டேன்."

"அப்பம் கிட்டார மட்டும் ஏன் வாங்குனிய?"

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவள்மேல் இல்லை. சின்ன அளவில் ஒன்று உண்டு என்றுகூட எனக்கு யாரும் சொல்லாததன் மேல். செல்போனில் தேடிப் பார்த்தால் முப்பது அங்குலத்தில், முப்பத்திரண்டில் எல்லாம் பேஸ் கிட்டார் வந்துகொண்டே இருக்கிறது. உலகத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் பக்கம்தான் ஒருத்தர் வாயிலும் அது வரவில்லை.

திருநெல்வேலியில் ஒரு கடைக்கு இரண்டு பேரும் போனோம். சுவர் முழுக்க முப்பத்து நாலு வரிசையாகத் தொங்கியது. முப்பத்திரண்டு கிடையாதாம். முப்பதில் ஒன்றே ஒன்று இருந்தது. அது எங்கே இருந்தது என்கிறீர்கள்? பிள்ளைகள் தட்டி விளையாடுகிற பொம்மைத் தப்பட்டைக்கும் உக்குலேலே என்கிற ரோஸ் கலர் குட்டிக் கிட்டாருக்கும் நடுவில்.

"யாருக்கு சார், பாப்பாவுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்கு."

"ஆம்பளைக்கு எதுக்கு சார் சின்னது? பெருச எடுங்க. பழகிரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "அவுக கைக்கு எது சரியா இருக்குன்னு அவுக பாத்துக்கிடுவாக. நீங்க அத எடுத்துக் கொடுங்க" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் பெரியதை மடியில் வைத்துக் கண்ணை மூடி, தோளைத் தளர்த்தி, கையைத் தன்போக்கில் கழுத்தில் போட்டேன். விரல்கள் மூன்றாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தன. முதலாவதுக்குப் போக வேண்டுமானால் முழங்கையை நீட்டித் தேட வேண்டும். பிறகு சின்னதை எடுத்து அதையே செய்தேன். கை தானாகப் போய் முதல் ஃப்ரெட்டில் உட்கார்ந்தது. சுண்டுவிரலை நாலாவதில் வைத்தேன். மணிக்கட்டு மடங்கவில்லை. இரண்டுக்கும் அந்த இடத்தில் விரல் விரிவதில் அரை அங்குலத்துக்கு மேல் கொஞ்சம்தான் வித்தியாசம். அந்தக் கொஞ்சத்துக்காகவா இத்தனை வருஷம்!

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகை வருகிற மாதிரி ஒரு ஆத்திரம்தான் வந்தது. கடைக்காரருக்கு முன்னால் அழக்கூடாது என்று, ஸ்பீக்கரில் வயரைச் செருகிக் கம்பியை ஓங்கி ஒரு இழு இழுத்தேன். பொம்மைத் தப்பட்டைகள் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன.

ஒத்திகை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில். அன்றைக்குத்தான் கீழே தறி ஓடாது. புதுக் கிட்டாரை உறையிலிருந்து எடுத்ததும் மாடியே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

எங்கள் பாடகருக்கு இப்போது தொண்டை மேலே ஏறுவதில்லை. அதனால் கிட்டார்களை எல்லாம் அரைக்கட்டை இறக்கித்தான் சுருதி கூட்டுவோம். நீளம் குறைந்த கிட்டாரில் அதே கம்பியைப் போட்டால் இழுவிசை ஏற்கனவே குறைவு. அரைக்கட்டை வேறு இறக்கினால் அடிக்கம்பி கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி தொய்ந்து, ஃப்ரெட்டில் பட்டுக் கரகரக்கிறது.

"பாத்தேரா? இதுக்குத்தான் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. குரலில் ஒரு திருப்தி இருந்தது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்குத் தீர்வும் இருந்தது. அந்த நீளத்துக்கென்றே செய்த, இன்னும் தடித்த கம்பிகளை வரவழைத்து மாட்டினேன். கிட்டார் கழுத்திலிருக்கும் திருகாணியைக் கொஞ்சம் திருகிச் சரிசெய்தேன். அடுத்த ஒத்திகையில் கரகரப்பு போயே போய்விட்டது. சத்தம் உருண்டு திரண்டு வந்தது. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக் காட்டினார்.

"சத்தம் கெட்டியாத்தான் இருக்கு. இல்லங்கல" என்றார் அண்ணாச்சி. "ஆனா பாக்கதுக்கு என்னமோ சின்னப்பிள்ளையளுக்குள்ளது மாதிரில்லா இருக்கு."

நான் அன்றைக்கு அவரிடம் கேட்டேன். பாடகருக்குத் தொண்டை ஏறவில்லை என்றதும் குழு முழுக்க அரைக்கட்டை இறங்கினோமே, யாராவது அவரைப் பார்த்து, தொண்டை பழகிரும் என்று சொன்னோமா? என் கைக்கு மட்டும் நாலு அங்குலம் இறங்கினால் என்ன கெட்டுப்போகும்? பாடகர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி பாட்டு வரிசையைப் புரட்டினார்.

அடுத்த கச்சேரி குருவிகுளம் தாண்டி ஒரு மானாவாரிக் கிராமத்தில் கோயில் கொடை. அந்தப் பக்கத்து விழாக் கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. கச்சேரிக்கு முன்னால் மேடையில் ஏறி, பேசிவைத்தபடி எல்லா வாத்தியமும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆளைக் குறைத்துக் கூட்டிவந்து ஏமாற்றிய குழுக்கள் உண்டு, அதனால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கமிட்டித் தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வாட்டசாட்டமான மனிதர்.

"கீபோர்டு ரெண்டு, சரி. டிரம்ஸு, சரி. தபேலா, சரி. லீடு கிட்டாரு, சரி. பேஸ் கிட்டாரு எங்கவே?"

"இதுதான் தலைவரே" என்று என்னுடையதைக் காட்டினேன்.

"இதும் அதும் ஏறக்கொறைய ஒரே சைஸுல்லா இருக்கு! ரெண்டு லீடக் கொண்டாந்துட்டு ஒண்ண பேஸுங்கியளா?"

"கம்பிய எண்ணிப் பாருங்க. அதுல ஆறு. இதுல நாலு."

"ரெண்டு அந்துபோனா நாலுதானவே இருக்கும்?"

வாசித்துக் காட்டலாம் என்றால் ஜெனரேட்டர் இன்னும் ஓடவில்லை. மின்சாரம் இல்லாத பேஸ் கிட்டார் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. கம்பியின் தடிமனைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட மாட்டேன் என்றுவிட்டார்.

"போன வருசம் பக்கத்து ஊருக்கு வந்தவன் ஆள் ஒயரத்துக்கு ஒண்ணு வச்சிருந்தான். அதுல்லா பேஸு! எங்கள என்ன, ஆடு மேய்க்கவன்தானன்னு நெனச்சியளா?"

எங்கள் அண்ணாச்சி எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம். வண்டியிலிருந்து ஒரு நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே குழுவுக்கென்று அவர் வாங்கி வைத்திருந்த பழைய முப்பத்து நாலு அங்குலக் கிட்டார். அது வண்டியில் ஏறியதே எனக்குத் தெரியாது. இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றியிருக்கிறார்.

"இத மாட்டிக்கிட்டு நில்லும்" என்று என் காதில் சொன்னார். "ஒயரச் சொருகாண்டாம். நான் கீபோர்டுல எடது கையால பேஸ வாசிச்சிருதேன். நீரு சும்மா கைய ஆட்டும்."

சும்மா கையை ஆட்டுவதா? கை வலித்தபோதுகூட ஒரு சுரம் விடாமல் வாசித்தவன் நான்.

"சும்மா நிக்கதுக்கு நான் எதுக்கு?" என்று கத்திவிட்டேன். "ஒரு ஸ்டாண்டுல வச்சுட்டுப் போங்க. அது நிக்கும்!"

கோபத்தில் குத்தலாகச் சொன்னது. அண்ணாச்சி அதைக் கேட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "நல்ல யோசனைல்லா!" என்றார்.

அப்படியே செய்தார்கள். மேடையின் முன்வரிசையில், விளக்கு விழுகிற இடத்தில், நீளக் கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் கோயிலிலிருந்து மாலை கொண்டுவந்து அதன் கழுத்தில் போட்டார். எனக்கும் என் சின்னக் கிட்டாருக்கும் டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் எனக்கு ஜனம் தெரியாது, ஜனத்துக்கு நான் தெரிய மாட்டேன். தலைவர் கீழே இறங்கி நின்று பார்த்துவிட்டு, "இப்பம் சரி" என்றார்.

அந்தக் கச்சேரியில் நான் வாசித்த மாதிரி அதற்கு முன்னால் வாசித்ததில்லை. கை வலிக்கவே இல்லை. விரல் நினைத்த இடத்தில் போய் விழுந்தது. ஆத்திரத்தையெல்லாம் அடிக்கம்பியில் இறக்கினேன். டிரம்ஸ்காரர் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முன்னால் ஆட்கள் மேடையோரம் ஏறி, மாலை போட்ட கிட்டாருக்குப் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இடையில் கமிட்டி சார்பில் மரியாதை செய்தார்கள். பாடகருக்கு ஒரு துண்டு, அண்ணாச்சிக்கு ஒன்று, தபேலாவுக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்த தலைவர், ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஆள் யாரும் இல்லை. கையிலிருந்த துண்டை விரித்து, கிட்டாருக்கே போர்த்திவிட்டார். ஜனம் கைதட்டியது.

பிறகு மைக்கை வாங்கினார். "இன்னைக்கு பேஸு சும்மா நெஞ்சுல வந்து இடிக்கி. பெருசு பெருசுதான்யா!"

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தேன். துண்டை விலக்கி, நீளக் கிட்டாரை ஸ்டாண்டோடு திருப்பி, வயர் செருகும் துளையை அவருக்குக் காட்டினேன். துளை காலியாக இருந்தது. பிறகு என் கிட்டாரிலிருந்து போகிற வயரைக் கையில் பிடித்துத் தூக்கிக் காட்டி, அடிக்கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்பீக்கர் அதிர்ந்தது. தலைவர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நேரமும் இதா வாசிச்சுது?"

"ஆமா."

அவர் முகம் மாறியது. வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "அப்பம் எதுக்குவே வாசிக்காதத முன்னால நிறுத்தி வச்சிய? எங்களுக்குப் படம் காட்டுதியளோ?" என்று மைக்கிலேயே ஏசினார். எப்படி இருக்கிறது பாருங்கள்! உண்மையானதைக் காட்டினால் பொய் என்றார்கள். பொய்யை நிறுத்தினால் துண்டு போர்த்தினார்கள். உண்மையை மறுபடியும் காட்டினால் ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்.

கச்சேரி முடிந்து வண்டியில் திரும்பினோம். ஊருக்குள் நுழைந்த பிறகு அண்ணாச்சி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார். "நாலு பேரு முன்னால மானத்த வாங்கிட்டேரு. இனிமே பெருசக் கொண்டாந்தா வாரும். இல்லன்னா வராண்டாம்."

"என் கை பழகாது அண்ணாச்சி" என்றேன்.

இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் அவர்கள் ஒரு மேடையில் வாசித்தார்கள். ஊரெல்லாம் கூட்டம். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் பாட்டு கேட்டது. வருஷா வருஷம் நான் நின்ற இடத்தில் நான் இல்லாமல் அந்தப் பாட்டுகள் போவதைக் கேட்க வேதனையாக இருந்தது. கீழே இறங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன், ஆனால் கடைசிவரை நின்றே கேட்டேன். பேஸை அண்ணாச்சி இடது கையால் வாசித்துக்கொண்டிருந்தார். மெதுவான பாட்டு வரைக்கும் சமாளித்தார். வேகமான பாட்டு வந்ததும் இடது கை பின்தங்கியது. பாடகர் ஒரு இடத்தில் தவறிப்போய்ப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் அது யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

சில வாரம் கழித்து ஒரு மதியம் போன் வந்தது. நான் அலுவலகத்திலிருந்து சாப்பிட வந்திருந்தேன்.

"என்னவே, நல்லாருக்கேரா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். புளியங்குடியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் பேசியிருப்பதாகச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது.

"இந்த எடது கை ஒத்து வர மாட்டேங்குவே. வலது கை ஒண்ணு வாசிக்கணும், இது ஒண்ணு வாசிக்கணும். சுண்டுவெரலு மரத்துப்போவுது. டாக்டரு நிறுத்தச் சொல்லுதாரு."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த வலி எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் இருபது வருஷம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நான் அதைத் தடுக்கவில்லை.

"விடாம வாசிங்க அண்ணாச்சி. கை பழகிரும்."

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"பழகாதுவே" என்றார்.

நான் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை அவர் வாயால் கேட்டால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

"சின்னதத்தான் கொண்டாருவேன்" என்றேன். "முன்னாலதான் நிப்பேன்."

"நில்லும். யாரு என்ன சொன்னாலும் நான் பேசிக்கிடுதேன்." பிறகு, ஏதோ சமாதானத்துக்கு, "அந்தத் துண்டு எங்கிட்டதான் இருக்கு. உமக்குள்ளதுதான? கொண்டாரேன்" என்றார்.

"எனக்கு எவன் போட்டான்? கிட்டாருக்குப் போட்டது கிட்டாருக்கே இருக்கட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

"இன்னுமா கோவம் போகல?" என்றாள் மனைவி.

"போகல."

கை கழுவிவிட்டு வந்து, கிட்டாரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன். பாடகருக்காக நாலு கம்பியையும் அரைக்கட்டை இறக்கிச் சுருதி கூட்டத் தொடங்கினேன்.